கண்ணாடி விழுங்கிய வரிகள்

எழுத்துத் திரையின் கதை – 19

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் கணினி பழுது பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வியைச் சில வாரங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன். "சார், பழைய மெஷின்ல லினக்ஸ் போட்டா கறுப்புத் திரையில எழுத்து கடகடன்னு ஓடுது. முன்னாடியெல்லாம் ஷிஃப்டை அமுக்கிக்கிட்டு பேஜ்-அப் தட்டினா மேல போனது திரும்ப இறங்கி வரும். இப்ப புதுசு போட்டா வர்றதில்ல. கீபோர்டைக்கூட மாத்திப் பாத்துட்டேன். எதனால சார்?"

கீபோர்டில் கோளாறு ஏதுமில்லை. 2020 செப்டம்பரில் அந்த வசதியை ஏறக்குறைய வேரோடு பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவர் வேறு யாருமல்ல, லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். ஏன் அப்படிச் செய்தார் என்று சொல்ல நான் காகிதக் காலத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தக் கேள்வி புதுச்சேரியிலிருந்து வருவதில் ஒரு பொருத்தம் உண்டு. வழுதாவூர் சாலையில் தட்டாஞ்சாவடியைத் தாண்டினால் மேட்டுப்பாளையம், இன்னும் வடமேற்கே போனால் சேதராப்பட்டு என்று தொழிற்பேட்டைகள் அடுத்தடுத்து வரும். வரிச் சலுகையை நம்பி இந்தச் சின்ன ஒன்றியப் பகுதிக்கு வந்த தொழில்களில் கணினி பூட்டுவதும் ஒன்று. எச்.சி.எல். சேதராப்பட்டில் ஆலை வைத்தது. விப்ரோ, ஏசர், லெனோவோ ஆகியவையும் புதுச்சேரிக்கு வந்தன. எங்கோ வடக்கே ஓர் அரசு அலுவலக மேசையில் இருக்கும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பாண்டிச்சேரி முகவரி ஒட்டியிருந்த காலம் அது. 2013-ல் எச்.சி.எல்., விப்ரோ இரண்டும் சொந்தப் பெயரில் கணினி செய்வதை நிறுத்தின. செய்த பெட்டிகள் இன்னும் சாகவில்லை. பழுதுக்கடைகளுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸின் புதுப் பதிப்பைத் தாங்க முடியாத அந்தக் கிழங்களுக்கு லினக்ஸ்தான் புகலிடம்.

இனி, காகிதம். 1960 டிசம்பரில் சென்னையில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பதிவானது. இத்தாலியின் ஒலிவெட்டி தொழில்நுட்பம் தர, கிண்டியில் தொலைஅச்சு இயந்திரங்கள் உருவாகத் தொடங்கின. தந்தி அலுவலகம், ரயில்வே, பத்திரிகை அலுவலகம் என்று எங்கும் அந்தச் சத்தம். அந்தக் காலத் தந்திக் கம்பியின் வேகம் நிமிடத்துக்கு 66 சொல். ராத்திரி வேலை பார்க்கும் உதவி ஆசிரியர் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், அவர் இல்லாதபோது வந்த செய்தி முழுக்க உருளையிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டு கிடக்கும். பதினொரு மணிக்கு என்ன வந்தது என்று தெரிய வேண்டுமா? குனிந்து எடுத்தால் போதும். "மேலே போய்ப் பார்ப்பது" என்று தனியாக ஒரு வசதியை யாரும் யோசிக்கக்கூட இல்லை. தேவையே எழவில்லை.

கணினியோடு மனிதர்கள் எழுத்தால் பேசத் தொடங்கியதும் இதே வகை இயந்திரத்தின் வழியாகத்தான். 1963-ல் வந்த டெலிடைப் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும், ஒரு வரிக்கு 72 எழுத்து. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸை வளர்த்தது இதில் தட்டித்தான். யுனிக்ஸ் கட்டளைகள் இரண்டெழுத்தில் கஞ்சத்தனமாக இருப்பதற்கும், வேலை சரியாக முடிந்தால் ஒன்றும் சொல்லாமல் கம்மென்று இருப்பதற்கும் இந்த ஆமை வேகம் ஒரு காரணம். நீளமாகப் பேசினால் யார் காத்திருப்பது?

காகிதம் போய்க் கண்ணாடி வந்ததும்தான் வில்லங்கம். டெக் நிறுவனத்தின் வி.டி.05 1970-ல் வந்தது, வி.டி.52 1975-ல், பெரும்புகழ் பெற்ற வி.டி.100 1978-ல். வி.டி.100 திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 எழுத்து. அதற்குள் இருந்த நினைவகமே 3 கிலோபைட்தான். 25-ஆவது வரி கீழே நுழைந்தால் முதல் வரி மேலே வழுக்கிப் போகும். போனது போனதுதான், கம்பியின் மறுமுனையில் இருக்கும் பெரிய கணினிக்கும் தான் அனுப்பியது நினைவில் இராது. அனுப்பியதோடு அதன் கடமை முடிந்தது. காகிதத்துக்கு ஆகும் செலவும் இரைச்சலும் மிச்சமாயின, வேகம் பல மடங்கு ஏறியது. இத்தனைக்கும் ஈடாகக் கொடுத்தது, ஒரு நிமிடத்துக்கு முன் என்ன நடந்தது என்ற நினைவு. அன்று இது பெரிய இழப்பாக யாருக்கும் படவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

இழந்ததைத் திருப்பித் தராமல் இழப்பைத் தள்ளிப்போடும் தந்திரங்கள்தான் முதலில் வந்தன. கன்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் ஓட்டம் நிற்கும், கியூ அழுத்தினால் மறுபடி ஓடும். இது டெலிடைப்பில் துளைநாடா படிக்கும் கருவியை நிறுத்தி ஓட்ட வைத்திருந்த குறி. நாடா போன பிறகும் குறி மட்டும் தங்கிவிட்டது. வி.டி.100-ல் இதற்கென்றே தனிப் பொத்தான் இருந்தது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் விசைப்பலகையில் ஸ்க்ரோல் லாக் வந்து உட்கார்ந்தது. இன்றும் முனையத்தில் தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு, "ஹேங் ஆயிடுச்சு" என்று பவரை அணைப்பவர்கள் உண்டு. கியூ அழுத்தினால் உயிர் வந்துவிடும்.

1978-ல் பெர்க்லியில் டேனியல் ஹால்பர்ட் எழுதிய 'மோர்' இன்னும் கொஞ்சம் மேல். ஒரு திரை நிரம்பியதும் நின்று, ஸ்பேஸ் தட்டினால் அடுத்ததைக் காட்டும். ஆனால் இன்னொரு நிரல் கொட்டும் எழுத்தை அதற்குள் செலுத்தினால் பின்னால் போக வழியில்லை, முன்னால் மட்டுமே. பின்னாலும் போக வேண்டும் என்ற ஒரே எரிச்சலில் மார்க் நூடல்மன் 1983-க்கும் 85-க்கும் இடையில் 'லெஸ்' எழுதினார். எழுதியதை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டு, கேட்டபடி மேலும் கீழும் காட்டியது அது. சின்ன நிரல்தான். ஆனால் பார்க்கும் இடத்தில் இல்லாத நினைவை நடுவில் நின்று தாங்குவது என்ற யோசனை அதில் தெளிவாக உருப்பெற்றது. பின்னால் வந்தவை எல்லாம் அதே வழியில் நடந்தன.

நம்மூர் வங்கிகளில் கணினி நுழைந்தது ரங்கராஜன் குழுவின் 1984 அறிக்கைக்குப் பிறகு. யுனிக்ஸ் ஓடும் ஒரு பெட்டி, அதிலிருந்து நாலைந்து பச்சை எழுத்துத் திரைகள். 'டம்ப் டெர்மினல்' என்று பெயர், பெயருக்கேற்ற நடத்தை. பிழைச் செய்தி மேலே ஓடிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. அதனால் முக்கியமான இடங்களில் கன்சோலோடு ஓர் அச்சு இயந்திரத்தையும் கோத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு நினைவில்லை என்று தெரிந்து மறுபடி காகிதத்தையே காவலுக்கு வைத்த கதை அது.

பின்னோக்கிப் பார்ப்பதற்குக் காசு மதிப்பு வந்தது 1995 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. அன்றுதான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் தரத் தொடங்கியது. தொடக்கப் பட்டியலில் சென்னை இருந்தது, புதுச்சேரி இல்லை. படம் தெரியும் இணைப்புக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில். மாணவர்களுக்கு 500 ரூபாயில் 'ஷெல்' கணக்கு, வெறும் எழுத்து மட்டும். தொலைபேசி வழியாக யுனிக்ஸ் கணினியைப் பிடித்து, பைன் நிரலில் மின்னஞ்சல், லிங்ஸ் நிரலில் வலைப்பக்கம். மாணவரின் மேசையில் இருந்தது டாஸ் பெட்டி. அதில் டெலிக்ஸ், ப்ரோகாம் மாதிரி ஒரு முனைய நிரல். இந்த நிரல்கள் மேலே போன வரிகளைக் கணினியின் நினைவகத்தில் சேர்த்து வைத்தன, வேண்டுமானால் கோப்பாகவும் எழுதின. தொலைபேசிக் கட்டணம் நேரத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே சாமர்த்தியசாலிகள் கடிதங்களைப் படிக்காமலே மளமளவென்று திரையில் ஓடவிட்டு, லைனைத் துண்டித்துவிட்டு, பிறகு மேலே ஏறி நிதானமாகப் படித்தார்கள். வேலை பார்க்கும் வேகமும் படிக்கும் வேகமும் வேறு வேறு என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

புதுச்சேரியை எழுதும்போது பிரெஞ்சுக்காரர்களின் மினிடெலை விட்டுவிட்டால் அங்கே பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்கள் கோபித்துக்கொள்ளும். 1982-ல் பிரான்சில் பரவலாகி 2012 ஜூன் 30 வரை உயிரோடிருந்த அந்தச் சின்ன முனையத்தில் 25 வரி, வரிக்கு 40 எழுத்து. வழக்கமாக அது உருளவே உருளாது. பக்கம் நிரம்பினால் எழுத்து மறுபடி உச்சிக்குப் போய்ப் பழையதன் மேலேயே எழுதும். உருள வேண்டுமானால் தனியாகச் சொல்லி மாற்ற வேண்டும். பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர்கள் நம் முனையத்தைப் பார்த்து, "இதுல ஏன் எல்லாம் மேல பறக்குது?" என்று கேட்டால் நியாயம்தான்.

இப்போது வாசகரின் ஷிஃப்ட் பேஜ்-அப்புக்கு வருவோம். 1991-ல் லினக்ஸ் பிறந்தபோது பி.சி.யின் வி.ஜி.ஏ. அட்டை எழுத்துக்கென்று 32 கிலோபைட் நினைவகம் வைத்திருந்தது. திரையில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்: ஒன்று எழுத்து, மற்றது அதன் நிறம். 80 எழுத்து கொண்ட வரிக்கு 160 பைட். 25 வரித் திரைக்கு 4,000 பைட் போதும். மிச்சம் சும்மா கிடக்கிறது. திரையை உருட்ட 4,000 பைட்டையும் ஒரு வரி மேலே நகர்த்தி எழுதுவது ஒரு வழி. அதைவிடக் கெட்டிக்கார வழி, எழுத்துகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, "இந்த இடத்திலிருந்து காட்டு" என்று அட்டையிடம் சொல்லும் முகவரியை ஒரு வரி தள்ளிவைப்பது. லினக்ஸ் இரண்டாவதைச் செய்தது. வேகத்துக்காகச் செய்த வேலை அது. மேலே போன வரிகள் அழியாமல் அட்டைக்குள்ளேயே கிடந்தது அதன் உபரி லாபம். முகவரியைப் பின்னால் தள்ளினால் பழையது தெரிந்துவிடும்! 32,768-ஐ 160-ஆல் வகுத்தால் 204. கண்முன் தெரியும் 25 போக 180 வரிக்குச் சற்றுக் குறைவான நினைவு, காசில்லாமல். எனக்குத் தெரிந்து கணினி உலகில் இவ்வளவு அழகான இலவசம் குறைவு.

இதற்கு ஒரு பலவீனம் இருந்தது. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 தட்டி இன்னொரு கன்சோலுக்குப் போய்த் திரும்பினால் சேர்த்தது போய்விடும். அட்டை ஒன்று, குடியிருப்போர் பலர். 2006 வாக்கில் இதற்கு மாற்றாக முதன்மை நினைவகத்திலேயே 64 கிலோபைட் ஒதுக்கி வரிகளைச் சேமிக்கும் நிரல், லினக்ஸின் மையமான கர்னலுக்குள் வந்தது. 400 வரிக்கு மேல் நிற்கும். 2017-ல் கன்சோல் மாறினாலும் பழையது அழியாதபடி இன்னொரு திருத்தம். படத்திரை வழியாக எழுத்தைக் காட்டும் ஃபிரேம்பஃபர் கன்சோலுக்கும் இதே போல ஒரு தனி ஏற்பாடு இருந்தது.

தமிழகத்தில் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பிள்ளைகள் கைக்குப் போனது. அதில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1 தட்டிப் பார்த்த குறும்புப் பிள்ளைகள் இந்தக் கறுப்புத் திரையைச் சந்தித்திருப்பார்கள். தமிழ் மட்டும் அங்கே கட்டங்களாகத் தெரியும். வி.ஜி.ஏ. எழுத்துத் திரையில் 512 வடிவம் வரை ஏற்றலாம், நம் 247 தாராளமாக அடங்கும். எண்ணிக்கை தடையில்லை. ஒரு குறிக்கு ஒரே அளவுக் கட்டம் என்று அடம்பிடிக்கும் திரையில் 'கொ' எப்படி நிற்கும்? கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. அதைச் சேர்த்துப் பார்க்கும் அறிவு கர்னல் கன்சோலுக்கு இன்றும் கிடையாது.

2020-க்கு வந்துவிட்டோம். அந்த ஆண்டின் நடுவில் யுன்ஹாய் ஜாங் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வி.ஜி.ஏ. கன்சோலில் மேலே போன வரிகளைத் திரும்பக் காட்டும் பின்னுருட்டு நிரலில் ஓர் ஓட்டையை அடைத்தார். சேமிக்கும் இடத்தின் எல்லையைச் சரிபார்க்காமல் அதற்கு வெளியே எழுதிவிடும் ஓட்டை. பட்டியலில் அதன் எண் சி.வி.இ. 2020-14331. ஓட்டை தெரிந்ததும் பலர் அந்த மூலையை உற்றுப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க மேலும் சில வந்தன. ஃபிரேம்பஃபர் பக்கம் திரை அளவை மாற்றும்போது இதே வகைப் பிழை ஒன்று. சரி, யார் பராமரிக்கிறார்கள் என்று தேடினால் யாருமில்லை. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் டோர்வால்ட்ஸ் வி.ஜி.ஏ., ஃபிரேம்பஃபர் இரண்டின் பின்னுருட்டு நிரல்களையும் நீக்கினார். அவர் குறிப்பின் சாரம்: கன்சோலே கணினிக்கு வாசலாக இருந்த காலத்தில் இது பயன்பட்டது, இப்போது அநேகமாக யாரும் தொடுவதில்லை, எடுத்துவிட்டு யாராவது கவனிக்கிறார்களா பார்ப்போம், வேண்டுமென்று சொல்பவர் வந்து பராமரிப்பை ஏற்றால் திரும்பக் கொண்டுவரலாம். அக்டோபர் 11-ல் வெளியான 5.9 பதிப்பில் அந்த நிரல்கள் இல்லை. பழைய கர்னல் வரிசைகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களிலும் இதே நீக்கம் போனது. வி.ஜி.ஏ. அட்டைக்குள் கிடக்கும் அந்த இலவச வரிகள் மட்டும் தப்பின. ஆனால் இன்றைய லினக்ஸ் தொடங்கிய சில நொடிகளில் எழுத்துத் திரையை விட்டுப் படத்திரைக்குத் தாவிவிடுகிறது. அங்கே ஷிஃப்ட் பேஜ்-அப் செத்த பொத்தான்.

நிரல் எழுதுபவராக அவர் செய்தது சரி. எல்லை மீறி எழுதும், கவனிப்பாரற்ற நிரலைக் கர்னலுக்குள் வைத்திருப்பது வீட்டுக்குள் மின்கசிவை விட்டுவைப்பதுபோல. "யாராவது கவனிக்கிறார்களா பார்ப்போம்" என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. கவனித்தவர்கள் எல்லாம் அவர் பார்க்கும் இடத்தில் இல்லை. சேவையகப் பண்ணையில் வேலை பார்ப்பவருக்கு வலையமைப்பு வழியே பதிவேடு வந்துவிடும். படத்திரை ஏறாத, வலை பிடிக்காத, கோப்பு முறை திறக்காத ஒற்றைப் பெட்டியின் முன் நிற்பவருக்குத்தான் மேலே ஓடிய வரி வேண்டும். அவர் கர்னல் மடற்குழுவில் ஆங்கிலத்தில் முறையிடப் போவதில்லை. கீபோர்டை மாற்றிப் பார்ப்பார்.

அவருக்கு இன்று உள்ள வழிகளைச் சொல்கிறேன். கணினி உயிரோடு இருந்தால் கர்னல் பேசிய எல்லாமே அதன் சுழல் பதிவில் இருக்கும். டி-மெசேஜ் என்று வாயால் சொல்லும் கட்டளையைக் குழாய்க் குறி (|) போட்டு லெஸ்ஸுக்குள் செலுத்தினால் மேலும் கீழும் போகலாம். சிஸ்டம்டி உள்ள லினக்ஸில், பதிவை வட்டில் வைக்கும்படி அமைத்திருந்தால், ஜர்னல்-சி.டி.எல். கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் 1 சேர்த்துத் தட்டினால் போன முறை இயங்கியபோது நடந்ததும் கிடைக்கும். நீளமான வேலைக்கு உட்காரும் முன்னரே டிமக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. 1987-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌமனும் கார்ஸ்டன் போர்மனும் எழுதிய ஸ்க்ரீன் நிரல் வழக்கமாக 100 வரி நினைவு வைக்கும்; 2007-ல் நிக்கோலஸ் மாரியட் தொடங்கிய டிமக்ஸ் 2,000 வரி. கன்ட்ரோல்-பி, பிறகு இடது சதுர அடைப்புக்குறி, அதன்பின் பேஜ்-அப். எல்லாம் நூடல்மன் வழிதான்: நடுவில் ஒருவர் நின்று நினைவு வைத்திருப்பது.

பராமரிக்க ஆள் வந்தால் திரும்பக் கொண்டுவரலாம் என்ற வாசல் இன்னும் சாத்தப்படவில்லை. 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்தில், அவ்வூர் லினக்ஸ் பயனர் குழு முன்னின்று டெபியன் லினக்ஸ் ஆர்வலர்கள் கூடும் மினி டெப்கான்ஃப் மாநாட்டை நடத்தியது. புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அங்கே கூடிய இளைஞர்களில் ஒருவர் ஏன் அந்த ஆளாக இருக்கக் கூடாது? நிரல் ஒன்றும் மலையளவு இல்லை.

மேலே சொன்ன வழிகளில் எதுவும் உதவாத இடம் ஒன்று உண்டு: கர்னல் பேனிக். எல்லாம் உறைந்துவிடும், விசைப்பலகையும் சேர்த்து. திரையில் நிற்பது செய்தியின் வால். தலை மேலே போயிருக்கும், காரணம் பெரும்பாலும் தலையில் இருக்கும். இதற்கு ரெட் ஹேட்டின் ஜோஸ்லின் ஃபலெம்ப் ஒரு வழி செய்தார். 2024 ஜூலையில் வந்த 6.10 பதிப்பில் படத்திரையிலேயே பேனிக் அறிவிப்பு காட்டும் ஏற்பாடு. அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.12-ல் கர்னலின் கடைசிச் செய்திகளைச் சுருக்கி ஒரு கியூ.ஆர். கட்டமாகத் திரையில் வரையும் வசதி. அந்தக் கட்டத்தை உருவாக்கும் நிரலை ரஸ்ட் மொழியில் எழுதியிருக்கிறார். கைப்பேசியைக் காட்டினால் திரைக்கு மேலே போன வரிகளும் சேர்ந்து கைக்கு வரும். எல்லாக் காட்சி இயக்கிகளும் இதை ஆதரிப்பதில்லை, கர்னலைத் தொகுக்கும்போது அந்தத் தேர்வையும் இயக்கியிருக்க வேண்டும்.

அடுத்த பகுதியில், கர்சர் கண் சிமிட்டத் தொடங்கிய கதை.

(தொடரும்)